அரியணைக்குக் காவல்

எங்கள் அருங்காட்சியகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவன் நான் ஒருவன்தான். வாசலில் டிக்கெட் கொடுக்கிறேன். சாய்மானம் வைத்த நாற்காலி, அதன்மேல் ஒரு பஞ்சு மெத்தை. உள்ளே கூடத்தில் காவல் நிற்கும் செல்லக்கிளிக்கு அதெல்லாம் கிடையாது. ஆட்கள் வந்துபோகிற நேரத்தில் காவலுக்கு நிற்பவர்கள் உட்காரக்கூடாது என்பது நிர்வாகத்தின் விதி.

நிற்பது அவளுக்குப் புதிதல்ல. டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பத்தொன்பது வருடம் நின்றபடியே சேலை விரித்துக் காட்டியவள். காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகுதான் அதை விட்டுவிட்டு இங்கே வந்தாள். வந்த அடுத்த வருடம், கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது.

"நான் அங்க நின்ன காலத்துல இந்தச் சட்டம் எங்கன போயிருந்துச்சு அண்ணாச்சி?" என்று கேட்டாள். கோபமில்லை, அலுப்புதான்.

போன மாதம் ஆப்பிரிக்கப் பண்பாட்டு மாலை என்று ஒன்று நடத்தினார்கள். முற்றத்தில் திரை கட்டி, முகமூடி போட்ட ஆப்பிரிக்க வீரன் ஊரைக் காப்பாற்றுகிற படம். கூடத்தில் கண்காட்சி. படத்தில் ராஜா ஒருவர் மரத்தாலான அரியணையில் உட்காருவாராம். அதேபோல ஒன்று வேண்டும் என்று காப்பாட்சியர் ப்ரீத்தி மேடம் ஊரெல்லாம் தேடினார். கடைசியில், இங்கே மருந்தியல் படிக்கும் கானா நாட்டு மாணவர் கோஜோவின் அறையில் ஒரு குட்டை மர ஸ்டூல் அகப்பட்டது. சிவப்புத் துணி விரித்த மேடையில் அதை ஏற்றி, 'ஆப்பிரிக்க அரசரின் அரியணை. தொடாதீர்கள்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை வைத்தார்கள். மதியம் இரண்டு மணியிலிருந்து செல்லக்கிளி அதன் பக்கத்தில் நின்றாள்.

படம் தொடங்கியதும் கூட்டம் முற்றத்துக்குப் போய்விட்டது. நான் கவுண்டரை அடைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். கோஜோ பலகையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்தில் அவருக்குத் தமிழ் நன்றாகவே ஒட்டியிருந்தது.

"அக்கா, இது எங்க அம்மா உக்காந்து மீன் கழுவுற ஸ்டூல். நான் தனியா சமைக்கணும்னு குடுத்து விட்டாங்க. நீங்க உக்காருங்க."

"உக்காரப்பிடாது தம்பி. யாராவது பாத்தா வேலை போயிரும்."

"அப்போ வீட்டுக்குக் கொண்டு போங்க. அடுத்த வாரம் நான் ஊருக்குப் போறேன். இதைத் தூக்கிட்டுப் போக முடியாது."

செல்லக்கிளி பைய குனிந்து அந்த ஸ்டூலைத் தடவிப் பார்த்தாள்.

"பாத்திரம் கழுவ நல்ல உசரம் அண்ணாச்சி. இப்பல்லாம் குத்தவச்சா எந்திரிக்க முடியல."

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

படம் முடிந்து எல்லோரும் கிளம்பியதும் ஸ்டூலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். கோஜோ அதற்குள் போய்விட்டிருந்தார். அவள் ஏறும் சீவலப்பேரி பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருந்தது. எங்கள் வாசலை எந்தப் பொருளும் சீட்டில்லாமல் தாண்டக்கூடாது. அந்தச் சீட்டை எழுதுகிறவன் நான்தான். பேசாமல் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

"காட்சிக்கு வச்ச சாமானாச்சே. மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றேன். பெரிய பொறுப்பானவன் நான்.

போய்க் கேட்டாள். வெறுங்கையோடு திரும்பினாள்.

"அந்தத் தம்பி எனக்குத்தான் தந்தாருன்னு சொன்னேன். அடுப்படி ஸ்டூலுன்னும் சொன்னேன். சிரிச்சாவ. அவரு வேண்டாம்னா இது நம்ம மியூசியத்துலயே இருக்கட்டும்னுட்டாவ."

மேடம் கெட்டவர் இல்லை. நான் போய்ச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது அந்த ஸ்டூல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அடியில் எண் எழுதியாயிற்று. காலை பத்து மணியிலிருந்து ஐந்தரை வரை செல்லக்கிளி அதன் பக்கத்தில் நிற்கிறாள்.

நேற்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அதில் ஒரு சிறுமி பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ராஜா எங்க?" என்று கேட்டாள்.

செல்லக்கிளி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டாள்.

"மீன் கழுவப் போயிருக்காரு தாயி" என்றாள்.