மேப்பில் மட்டும் இருந்த வழி

ஆரோக்கியமேரிக்குக் கோபம் வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். யாரையும் அடிக்க அல்ல, வேகமாக நடக்க. பதினெட்டு வருடமாக அவளோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறேன், எனக்குத் தெரியும்.

அவள் அம்மா ஆரம்பாக்கம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். மேரி பத்தொன்பது வயதில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு போல்ட் கம்பெனிக்கு வந்தாள். பேக்கிங்கில் சேர்ந்தவள் இன்றும் பேக்கிங்கில்தான் இருக்கிறாள். சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு அங்கே வேறு எந்த இடமும் கிடைக்காது.

எங்கள் காலனி அந்தக் கம்பெனியின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. ரேஷன் கடையோ கம்பெனி முன்வாசலுக்கு எதிரே. சுவரைச் சுற்றி, ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். பக்கத்து வீட்டுப் பூவம்மாள் தனி ஆள். காலில் இரும்புப் பெட்டி விழுந்து வேலையை விட்டவள். கைரேகை வைக்க அவளேதான் போயாக வேண்டும். ஆட்டோவில் போனால் இலவச அரிசி மளிகைக்கடை அரிசி விலைக்கு வந்துவிடும். இரண்டு மாதம் அவள் போகவே இல்லை. மேரி வீட்டிலிருந்துதான் சோறு போயிற்று.

"என் பேருக்குக் கார்டு இருக்கு. நான் இன்னாத்துக்கு உன் ஊட்டு சோறு துன்னணும்?" என்று பூவம்மாள் ஒருநாள் அழுதுவிட்டாள்.

மேரி அன்றைக்கே தாலுகா ஆபீசுக்கு மனு எழுதினாள். காலனியிலேயே பகுதி நேர ரேஷன் கடை வேண்டும் என்று கேட்டாள். மூன்றாவது வாரம் பதில் வந்தது. கணினி வரைபட ஆய்வின்படி நடைதூரம் 640 மீட்டர், கோரிக்கையை ஏற்க இயலாது.

மேரி செருப்பைக் கழற்றினாள். நானும் கூடப் போனேன்.

ஆபீசில் ரம்யா என்ற பெண் கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து காட்டினாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை எல்லாம் எந்த வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று ஊர் முழுக்க நிறம் தீட்டியிருந்தார்கள். நாங்கள் பச்சை. பச்சை என்றால் எல்லாம் கிட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தமாம். காலனியிலிருந்து ஒரு கோடு கம்பெனிக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்து, கடையில் போய் முடிந்தது.

"இது யாரு போட்ட ரோடு?" என்றாள் மேரி.

"யாரும் போடலம்மா. டெய்லி நிறைய போன் அந்த வழியாப் போகுது. ஜனங்க நடக்கிற இடம்னு கம்ப்யூட்டரே பாதையா எடுத்துக்கும்."

அந்த போன்கள் எங்களுடையவை. பின் கேட்டு ஷிப்டு நேரத்தில் மட்டும், பாஸ் இருப்பவர்களுக்கு மட்டும் திறக்கும். உள்ளே நடந்து முன்வாசலில் வருகை பதியும் டைம் ஆபீசுக்குப் போய், அங்கேதான் போனை ஒப்படைப்போம். நாங்கள் வேலைக்குப் போன நடையை வைத்தே எங்கள் அரிசியைத் தடுத்திருக்கிறார்கள்.

"எங்க காலையே எங்களுக்கு எதிரா சாட்சி சொல்ல வச்சிக்கினு இருக்கீங்க," என்றாள் மேரி. "அது கம்பெனி. தெரு இல்ல."

"நேர்ல பாக்காம நான் அந்தக் கோட்டை அழிக்க முடியாதும்மா."

"அப்ப சனிக்கெழம வா, பாப்பா. வண்டில வராத."

ரம்யா வந்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். மேரி கடையில் இருபது கிலோ அரிசி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "உன் கோட்டு வழியாவே போலாம் வா" என்று நேராகக் கம்பெனி முன்வாசலுக்கு நடந்தாள்.

செக்யூரிட்டி வெங்கடேசன் குறுக்கே கையை நீட்டினான். "மேரிக்கா, பாஸ் இருந்தாலும் டூட்டி நேரத்துலதான் உடுவேன். மூட்டையோட இன்னாத்துக்கு வர்ற?" ரம்யா தன் ஆபீஸ் அட்டையைக் காட்டினாள். "மேடம், யாரா இருந்தாலும் பாஸ் வேணும்."

"கேட்டுக்கினியா?" என்றாள் மேரி. பிறகு நாங்கள் சுவரைச் சுற்றினோம். ரயில்வே கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடிவதாக இல்லை. "கொஞ்சம் புடி" என்று மேரி மூட்டையை ரம்யாவின் இடுப்பில் ஏற்றினாள். கேட்டு திறந்த பிறகு நூறு அடி கூட அந்தப் பெண் தாங்கவில்லை.

பூவம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, நடந்து வந்த தூரத்தை ரம்யா தன் போனில் பார்த்தாள். மூன்று கிலோமீட்டர் முந்நூறு மீட்டர். அங்கேயே அந்தக் கோட்டை அழித்தாள். எங்கள் காலனி சிவப்பாக மாறியது. சிவப்பானதற்குக் கைதட்டிய ஜனம் நாங்களாகத்தான் இருப்போம்.

நாலு மாதம் பைல் நகர்ந்தது. மேரியும் விடாமல் பின்னாலேயே நடந்தாள். இப்போது வியாழக்கிழமைதோறும் எங்கள் சர்ச் கூடத்தில் கடை நடக்கிறது. முதல் கைரேகை பூவம்மாளுடையது. அன்று அவள் பொங்கிய சோற்றில் மேரிக்கும் ஒரு தட்டு வந்தது.

ஆனாலும் பின் கேட்டுக்கு வெளியே நின்று எல்லாப் பெண்களும் போனை அணைத்த பிறகுதான் மேரி உள்ளே காலெடுத்து வைக்கிறாள்.

"கடைதான் வந்துடிச்சே, இன்னும் இன்னாத்துக்கு ஆப் பண்ணிக்கினு?" என்று ஒருநாள் பின் கேட்டில் டூட்டி பார்த்த வெங்கடேசன் கேட்டான்.

"நாங்க வேலைக்கு வர்றோம்டா," என்றாள் மேரி. "உங்களுக்கு ரோடு போட வரல."