பனியனில் பூத்த உப்பு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பனியன் கம்பெனியில், தைத்து வந்ததில் குறை பார்க்கும் பீஸ் செக்கிங் செய்துகொண்டிருந்தபோது கைப்பேசியில் அந்தக் குறுஞ்செய்தி வந்தது. டாக்டர் தமயந்தி இறந்துவிட்டார். கையிலிருந்த பனியனை மேசையில் போட்டுவிட்டு வெளியே வந்து வாய்விட்டு அழுதேன். அவரிடம் பிள்ளைகளைக் காட்டியவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருப்பீர்கள். அவரிடம் திட்டு வாங்காத தாய் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்.

என் மகள் சிந்துவுக்கு மூன்று வயது வரை இருமல் ஓயவே இல்லை. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. திருப்பூரில் பிள்ளை இருமினால் பஞ்சுத் தூசி என்று சொல்லி முடித்துவிடுவோம். நானும் அப்படித்தான் சொன்னேன். தூசி இல்லாத மூலனூரில், என் தாய்வீட்டில் மூன்று மாதம் விட்டுப் பார்த்தோம். இருமல் அங்கேயும் தொடர்ந்தது.

முதல் தடவை டாக்டரிடம் போன அன்று சிந்து கருநீலப் பனியன் போட்டிருந்தாள். கழுத்திலும் முதுகிலும் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்து, "இது என்னங்க?" என்று கேட்டார்.

"சாயப்பட்டறை உப்புங்க டாக்டர். சாயம் புடிக்கப் போடறத ஒழுங்கா அலசாம உட்டுட்டானுங்க" என்றேன். துணியில் குறை கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு! அந்தப் பட்டறைக்காரரோடு சண்டை போட்டதையும் பெருமையாகச் சொன்னேன்.

"எத்தன தடவ தொவச்சீங்க?"

"பத்துத் தடவைக்கு மேல இருக்குமுங்க."

"பத்துத் தடவ தொவச்சும் பட்டறை உப்பு நிக்குமா, அம்மிணி?" குழந்தையின் நெற்றியை விரலால் துடைத்துத் தன் நாக்கில் வைத்தார். அவர் முகம் மாறிவிட்டது. அது என் பிள்ளையின் வியர்வையில் இருந்த உப்பு.

வியர்வைப் பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றார்கள். பிறவி நோய், நுரையீரலில் சளி பசை போல் இறுகிக் கிருமிக்கு இடம் கொடுத்துவிடும். பத்து வயது தாண்டுவது கஷ்டம் என்று அங்கே சொன்னதை அழுதபடி வந்து டாக்டரிடம் சொன்னேன். "சொல்றவங்க சொல்லட்டும். நாம வைத்தியத்தப் பாப்பம்" என்றார்.

முதுகைத் தட்டிச் சளி எடுத்தோம். கிருமிக்கு மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தோம். ஆனாலும் ஏழு வயதில் மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் கிருமிக்குத் தினமும் கொடுக்கிற ஒரு மாத்திரையை வாரம் மூன்று நாள் மட்டும் என்று எழுதினார். தப்பாக எழுதியிருக்கிறார் என்று மருந்துக்கடைக்காரர் திருப்பி அனுப்பினார். எனக்கும் கோபம் வந்தது.

"நெஞ்சு நெறையக் கிருமி இருக்குதுங்க. தெனமும் குடுக்காம மூணு நாள் எதுக்குங்க?"

"கிருமிய மட்டும் பாத்தாப் பத்தாதுங்க. அதப் புடிக்கப் பொறப்புலயே நமக்குள்ள ஒரு காவல் இருக்குது, வெள்ளையணுங்க. உங்க புள்ளைக்கு அதுங்க கூட்டங் கூட்டமா வந்து அங்கயே செத்து, நுரையீரலையே அரிச்சுப்போடுது. இந்த மாத்திரை அந்தக் கூட்டத்தக் கொஞ்சம் அடக்கோணும். முழுசா அடக்குனா கிருமி ஜெயிச்சுப்போடும்."

அந்த மழைக்காலம் முழுவதும் சிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவே இல்லை. ஊதிப் பார்க்கும் கருவியில் மூச்சின் அளவு ஏறியிருந்ததைக் கண்ட டாக்டர், காத்திருந்த எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். "நின்னுருச்சுங்க அம்மிணி, அரிக்கறது நின்னுருச்சு!" என்று அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

நோய் இன்னும் இருக்கிறது. மருந்தும் தட்டலும் தினமும் உண்டு. சிந்துவையும் கூட்டிக்கொண்டு டாக்டர் வீட்டில் மாலை போடப் போனபோது, "இந்தப் புள்ள யாருங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "டாக்டரம்மா பொழைக்க வெச்ச புள்ளைங்க" என்றார் என் கணவர்.

அவர் எனக்கு என்ன விட்டுப்போனார் என்று கேட்பவர்கள் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வாருங்கள். சிந்துவுக்குப் பதினோரு வயது. ஒரு சுற்று ஓடி வந்து, இருமி, மூச்சு வாங்கி நிற்பாள். பிறகு இன்னொரு சுற்று ஓடுவாள்.