அவள் பாக்கெட்டுக்கு என் எடை

போன ஆடி மாதம் நடந்தது இது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் இருக்கிறேன். கார் கதவுக்கான ஸ்குரூக்களை எண்ணி பாக்கெட்டில் போடும் வேலை. இடது கதவு பாக்கெட் என்னுடையது. வலது கதவு பாக்கெட் அப்போதுதான் புதிதாக ஆரம்பித்திருந்தது. அதற்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கான்ட்ராக்டில் ஒரு பெண் வந்திருந்தாள். இரண்டும் ஒரே பெல்ட்டில் போய் எடை மெஷினில் ஏறும். எடை குறைந்தால் மெஷின் சிவப்பு டப்பாவில் தள்ளிவிடும்.

அவளுக்குக் கை வேகம். நான் ஒன்று போடுவதற்குள் மூன்று போடுவாள். சிவப்பு டப்பாவிலும் அவளுடையதுதான் அதிகம் கிடக்கும். ஷிப்ட் முடிவில் எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டி மறுபடி போடுவோம். ஒவ்வொன்றாக யாரும் பார்ப்பதில்லை.

சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். "இன்னாமா, அந்தப் பொண்ணோடதே இவ்ளோ ரிஜெக்ட் ஆகினு கீது?"

"வேகமா போடுது சார், எண்றதில்ல" என்றேன். நான் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"அப்ப இந்த மாசத்தோட அனுப்பிடலாம்" என்றார்.

அது அவள் காதிலும் விழுந்துவிட்டது. "எக்கா, நான் எண்ணித்தான் போடுதேன். ஒரு தடவ நிறுத்துப் பாருங்களேன்" என்றாள். வேலை இருக்கிறது என்று திரும்பிக்கொண்டேன்.

ஆடிக் கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலைக்குப் போனேன். முருகன் முன்னால் கை கூப்பி நின்றால் வேண்டுதல் ஒன்றும் வரவில்லை. பார்க்காமலே சொல்லிவிட்டோமே என்பதுதான் வந்தது.

மறுநாள் சிவப்பு டப்பாவில் கிடந்த அவளுடைய நான்கு பாக்கெட்டை ஸ்டோர் தராசில் வைத்தேன். நான்கும் சரியான எடை. அவற்றுக்கு அடியில் கிடந்தது என்னுடையது. அதில் ஒரு ஸ்குரூ குறைவு. சூப்பர்வைசரைக் கூட்டிவந்து காட்டினேன்.

மெஷினுக்கு புரோகிராம் எழுதிய தம்பி லேப்டாப்போடு வந்தார். எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார்.

"இடது பாக்கெட் வந்தா அதோட எடைய ஒரு பேர்ல எடுத்து வெச்சு, குறைஞ்சா தள்ளுன்னு எழுதியிருந்தேன்க்கா. அதையே வலதுக்குக் காப்பி பண்ணி, எடைக்கு வேற பேர் வெச்சேன். 'குறைஞ்சா'ங்கிற நிபந்தனைல மட்டும் பழைய பேர மாத்த மறந்துட்டேன். அந்தப் பேரு இடது பாக்கெட்டோட அழிஞ்சிருந்தா, அப்படி ஒரு பேரே இல்லன்னு அப்பவே எரர் காட்டியிருக்கும். அழியாம தங்கிடுச்சு. வலது பாக்கெட் வந்தாலும் கடைசியா போன உங்க பாக்கெட் எடையைத்தான் பார்த்துகினு இருந்துச்சு."

அதாவது நான் ஒரு ஸ்குரூ விட்டால் என் பாக்கெட் சிவப்பு டப்பாவுக்குப் போகும். அடுத்து ஒன்றை நான் சரியாகப் போடும்வரை அவள் போட்டதெல்லாம் கூடவே போகும்.

அவளை அனுப்பவில்லை. அவளிடம் போய், உன்னைப் பற்றிச் சொன்னது நான்தான், குறை வைத்ததும் நான்தான் என்றேன்.

"இனியாவது எண்ணிப் போடுங்கக்கா. நீங்க விட்ட ஸ்குரூக்கு என்னயில்லா ஊருக்கு அனுப்பப் பாத்திய" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது யாராவது இன்னொருவரைப் பற்றிக் கேட்டால், பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கே சொல்லியிருந்தால், அந்தப் பெண் அத்தனை நாள் பயந்து பயந்து வேலைக்கு வந்திருக்க மாட்டாள்.