அத்தையின் உதடுகள்

என் அத்தை ஜெபம் பண்ணினால் தெருவுக்கே கேட்கும். திண்டிவனத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. விடியும் முன்பே எழுந்து, முகம் கழுவி, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலோரம் முழங்காலிடுவாள். சர்க்கரை வியாதி வந்த போஸ்ட்மேன், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள், பக்கத்து வீட்டுப் பால்காரம்மாவின் சினைப்பசு, யாரையும் விடமாட்டாள்.

பால்காரம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார். "இன்னாக்கா, உங்க சாமிக்குக் காது மந்தமா? இப்பிடிக் கத்துறியே?"

"அவருக்கு நல்லாவே கேக்குது. உனுக்கும் கேக்கட்டும்னுதான்" என்றாள் அத்தை.

அத்தை என் அப்பாவின் அக்கா. வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில், ஊரார் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள். சபையார் நடத்திய பெண்கள் விடுதியில் சமையல் வேலை கிடைத்துத் திண்டிவனம் வந்தாள். அங்கேயே ஒரு தையல்காரரைக் கட்டிக்கொண்டாள். அவர் மஞ்சள்காமாலையில் சீக்கிரமே போய்விட்டார். பிள்ளை இல்லை. என் அம்மா இறந்ததும் அப்பா என்னை ஒரு துணிப்பையோடு பஸ்ஸில் கூட்டிவந்து அத்தையிடம் விட்டார். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புள்ள குடுக்கலன்னு இயேசப்பாகிட்ட சண்ட போட்டுக்கினு இருந்தேன். லேட்டானாலும் வளர்ந்த புள்ளையாவே குடுத்துட்டார்" என்றாளாம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அழுவார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அத்தைதான் பாட்டை எடுத்துக் கொடுப்பாள். சங்கீதம் படித்தவளல்ல. அவள் எந்தச் சுருதியில் எடுக்கிறாளோ அதற்கு வாத்தியக்காரர் தேடிப்பிடித்து வந்து சேர வேண்டும். அந்தக் குரலில் எனக்குத் தாலாட்டும் கிடைத்தது, திட்டும் கிடைத்தது. கல்யாணமாகி விழுப்புரம் வந்த பிறகு அத்தையைக் கூடவே வைத்துக்கொள்ள எவ்வளவோ கெஞ்சினேன். "என் கோயிலை உட்டுட்டு எங்க வர்றது?" என்று மறுத்துவிட்டாள்.

விடுதி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தொண்டை கம்மத் தொடங்கியது. சளி என்று நினைத்தாள். சுக்கும் மிளகும் கஷாயமும் குடித்துப் பார்த்தாள். ஒரு ஞாயிறு பாட்டு பாதியில் அறுந்துபோனது. விழுப்புரத்தில் நான் காட்டிய டாக்டர் எங்களைப் புதுச்சேரிக்கு அனுப்பினார். அங்கே புற்றுநோய் என்றார்கள். குரல்வளையை முழுசாக எடுத்தாக வேண்டும்.

"அப்புறம் பாட முடியாதா டாக்டர்?" என்று கேட்டாள் அத்தை.

"உயிரோட இருக்கலாம்மா" என்றார் அவர்.

அறுவை சிகிச்சைக்குக் கூட்டிப்போகும் காலையில் அத்தை நர்ஸிடம், "கொஞ்சம் சத்தமா ஜெபம் பண்ணிக்கட்டுமா?" என்று அனுமதி கேட்டாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தாள். கரகரத்த குரல்தான். ஆனாலும் வார்டு முழுக்க அடங்கியது. அந்த வார்டில் படுத்திருந்த ஒவ்வொருத்தருக்காகவும் கேட்டாள். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. முடிந்ததும் பக்கத்துக் கட்டில் முஸ்லிம் அம்மா "ஆமீன்" என்றார். நான் கடைசியாகக் கேட்ட அத்தையின் குரல் அதுதான். போனில் பிடித்து வைக்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

பிறகு கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். அதன்மேல் மெல்லிய வெள்ளைத் துணி. தேறி ஊருக்கு வந்த முதல் ஞாயிறு அத்தை கோயிலுக்குப் போனாள். நானும் கூட இருந்தேன். பாட்டு தொடங்கியது. பழக்கத்தில் வாயைத் திறந்தாள். துணி மட்டும் புஸ்ஸென்று எழும்பித் தணிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே நடந்தாள்.

அதோடு கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வாழ்நாளெல்லாம் ஒரு ஞாயிறு தவறாதவள். போதகர் வீடு தேடி வந்தார். அவர் பேசி முடிக்கும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் வைத்துப் பேசுகிற மின்கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். ஒரே ஒருமுறை அதை வைத்து "இயேசப்பா" என்று சொல்லிப் பார்த்தாள். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி வந்தது. கருவியை மேசைமேல் வைத்தவள் அப்புறம் தொடவில்லை.

நான் டச் போன் வாங்கித் தந்து வீடியோவில் பேசக் கற்றுக்கொடுத்தேன். அவள் உதடு அசைக்க, நான் திருப்பிச் சொல்வேன். சரி என்றால் தலையாட்டுவாள். கொஞ்ச நாளில் தடங்கல் இல்லாமல் படிக்கத் தெரிந்துகொண்டேன். ஒருநாள் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். உதடுகள் நிதானமாக அசைந்தன.

"கொரலுக்குப் பதிலா கால எடுத்திருக்கலாமே அவரு."

அடுப்பை அணைத்துவிட்டேன். பிறகு அவளே போனை வைத்துவிட்டாள்.

அவளை மறுபடி எழுப்பியது பால்காரம்மாதான். அவருடைய பேத்திக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். போகும் முன் அத்தையிடம் ஜெபம் வாங்கிக்கொள்வது அந்தத் தெருவில் வழக்கம். அத்தை தன் கழுத்தைக் காட்டிக் கையை விரித்தாள். பால்காரம்மா அதைக் கவனிக்கவே இல்லை. "ஜல்தியா பண்ணுக்கா, ஆட்டோ நிக்குது" என்று சொல்லிப் பிள்ளையை மடியில் போட்டுவிட்டார். அத்தைக்கு வேறு வழி இருக்கவில்லை. அனலாகக் கொதித்த அந்த நெற்றியில் கையை வைத்தாள். உதடுகள் அசையத் தொடங்கின. பால்காரம்மா அழுதுகொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டார். இதையெல்லாம் அவர்தான் பிறகு எனக்குச் சொன்னார்.

பிள்ளை பிழைத்தது. மருந்தால்தான் என்று அத்தையே கைகாட்டிச் சொன்னாள். ஆனால் அடுத்த ஞாயிறு கோயிலில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பாட்டின்போது தாளம் மட்டும் தட்டினாள். பல வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தாள். அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று நான் சொல்லமாட்டேன். பாட்டு முடிந்து மற்றவர்கள் உட்காரும்போது அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எண்பதைத் தாண்டிய பிறகு மார்ச்சளி கட்டியது. அப்போதுதான் என் வீட்டுக்கு வரச் சம்மதித்தாள். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டும்வரை என் தோளில் சாய்ந்து தூங்கினாள். விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சில நாளில் டாக்டர்கள், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம், நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். அத்தை கண் திறந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். உதடுகள் அசைந்தன. ஆஸ்பத்திரியிலேயே பல்செட்டைக் கழற்றியிருந்தார்கள், வாய் உள்வாங்கியிருந்தது. எனக்குப் புரியவில்லை.

"தண்ணியா அத்தை?"

தலையை அசைத்தாள். இல்லை.

"கோயிலுக்குப் போவணுமா? அப்பாவச் சொல்றியா?"

இல்லை. மறுபடி சொன்னாள். ஒரே மாதிரி, பொறுமையாக, எனக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. இத்தனை வருஷம் அந்த உதடுகளைப் படித்தவள் நான். ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. நான் அழ ஆரம்பித்ததும் அவள் நிறுத்திக்கொண்டாள். என் கன்னத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள், பாதியிலேயே கை இறங்கிவிட்டது. அன்று சாயங்காலம் வெயில் தாழும் நேரத்தில் கழுத்துத் துணி அசைவது நின்றது.

திண்டிவனத்துக்கே கொண்டுபோய், மாமாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். சபை முழுக்க வந்திருந்தது. பாட்டை யார் எடுப்பது என்று கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ எடுத்தார்கள், சுருதி மேலே போய்விட்டது, பாதிப் பேரால் பாட முடியவில்லை. பால்காரம்மா வளர்ந்துவிட்ட பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து ஒரு பிடி மண் போட்டார்.

இப்போதும் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த அசைவை என் உதட்டில் செய்து பார்ப்பேன். முதலில் சேரும், பிறகு விரியும், மறுபடி சேரும். அந்த அசைவுக்கு எத்தனையோ வார்த்தைகள் பொருந்துகின்றன. அவள் சொன்னது அதில் எது என்று எனக்குத் தெரியவில்லை.