பதினொரு தட்டுகளுடன் ஒஸ்லோவிலிருந்து பாரிசுக்கு

ஒஸ்லோவிலிருந்து பாரிசுக்குப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன. விமானத்தில் போனால் இரண்டரை மணி நேரம். ரயிலில் போனால் மூன்று இடங்களில் மாறி, ஒரு பகலும் ஓர் இரவும். 2006ஆம் ஆண்டு கோடையில், மூளை சரியாக வேலை செய்துகொண்டிருந்த நிலையிலேயே, நான் ரயிலைத் தெரிவு செய்தேன். ஐரோப்பாவை ஜன்னலோரம் இருந்து பார்க்கும் ஆசை ஒன்றும் எனக்கு இருக்கவில்லை. காரணம் பலகாரம்.

பாரிசில் இருக்கும் என் தங்கை சாந்தியின் மகள் அபிராமி பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தண்ணீர் வார்வை என்று ஐயர் நேரம் வைத்திருந்தார். தாய்மாமன் பாலும் அறுகும் தலையில் வைத்துத் தேங்காய் உடைக்க, மாமி தண்ணீர் வார்க்க வேண்டும். சாந்திக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். அவளுக்குக் கல்யாணம் நடந்தபோது நான் நோர்வேயின் வடமுனையில், ஹம்மர்பெஸ்டில், பயணப் பத்திரம் இல்லாமல் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைத் தோழனாக வேறு யாரோ நின்றார்கள். இந்த முறை நானே நிற்க வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது.

ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனியில் வேலை செய்யும் குகன், என் பெரியப்பாவின் மகன், தொலைபேசியில் முன்கூட்டியே சொன்னான்.

"அண்ணை, பேசாமல் பிளேனிலை வாங்கோ. நானும் சனி விடியத்தான் வெளிக்கிடுறன். ஒரு கைப்பை, அவ்வளவுதான்."

அவனுக்கென்ன, கைப்பையோடு போகலாம். மாமன் அப்படிப் போக முடியுமா? என் மனைவி வதனி ஒரு கிழமையாக ஒஸ்லோப் புறநகரான ரொம்சோஸில் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கவில்லை. அரியதரம், பயற்றம் பணியாரம், முறுக்கு, சீனி தோய்த்த சிப்பி என்று பதினொரு தட்டுக்கு வேண்டிய அளவு சுட்டு, பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் நிரப்பி மூன்று பெரிய பைகளில் அடுக்கினாள். பித்தளைத் தட்டுகள் துணி சுற்றி இரண்டு பெட்டிகளில். விமானத்தில் ஆளுக்கு இருபது கிலோதான் விடுவார்கள்.

"தட்டைக் குறைச்சால் என்ன?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஒண்டைக் குறைச்சால் பத்தாகும். இரட்டைப்படையிலை ஆரும் தட்டுக் கொண்டு போவினமே? ஒன்பதாக்கினால் சாந்தியின்ர புருசன்ர சொந்தக்காரர் எண்ணிப் பாத்துச் சிரிப்பினம்."

பதினொன்று பதினொன்றாகவே நின்றது. பயண முகவரிடம் போய் ரயில் டிக்கெட் வாங்கினேன். விமானத்தை விட விலை கூட.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒஸ்லோ மத்திய நிலையத்திலிருந்து புறப்பட்டோம். மொஸ் வரை வலப்பக்கம் கடல் தெரிகிறது. ஹால்டன் தாண்டியதும் காடு, பிறகும் காடு. ஸ்வீடன் எல்லை எங்கே வந்தது என்று தெரியவே இல்லை. எதிர் இருக்கையில் கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் இருந்தார். ஒஸ்லோவில் ஆராய்ச்சி செய்கிறாராம், ஸ்வீடன் நகரமான யாத்தபோரியில் ஏதோ கருத்தரங்காம். நாங்கள் தமிழில் கதைப்பதைக் கேட்டுத் திரும்பினார்.

"தப்பா நினைக்காதீங்க சார், ரெண்டு பேருக்கு இவ்வளவு லக்கேஜா?"

விஷயத்தைச் சொன்னேன். "ஓ, மஞ்சள் நீராட்டா! தாய்மாமன் சீரா!" என்று மகிழ்ந்தார். வதனி முறுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

"உங்கட ஊரிலை மாமன் சீர் கொண்டு போறேல்லையோ?"

"கொண்டுபோவோங்க. ஆனா இவ்வளவு தூரம்னா அந்த ஊர்லயே கடையில வாங்கி அடுக்கிருவோம். ஃப்ளைட்ல போயிருந்தா இந்நேரம் எறங்கிருப்பீங்க."

அவர் இறங்கிப் போனதும் வதனி முகத்தைச் சுளித்தாள். "கடையிலை வாங்கி அடுக்கிறதாம்! அது சீரோ, சாப்பாட்டுக் கடையோ?" எனக்கு அவர் சொன்னது பிழையாகப் படவில்லை.

மாறும் இடங்களில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. ஒருவர் சாமானுக்குக் காவல் நிற்க, மற்றவர் பாதியைக் காவிக்கொண்டு போய் வைத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். யாத்தபோரியில் நேரம் இருந்தது, கோப்பன்ஹேகனிலும் சமாளித்தோம். நடுவில் பெரிய பாலத்தின் மேல் ரயில் கடலைக் கடக்கிறது. ஊரெல்லாம் படம் பிடிக்கும் பாலம். நான் ஒரு கையால் பையைப் பிடித்தபடி பார்த்தேன்.

டென்மார்க்கின் தென்முனையில் ரயில் அப்படியே கப்பலுக்குள் நுழைந்துவிடுகிறது. கேள்விப்பட்டிருந்தாலும் கண்ணால் பார்க்க அதிசயமாகத்தான் இருந்தது. முக்கால் மணி நேரக் கடல். பயணிகள் எல்லோரும் இறங்கி மேல்தளத்துக்குப் போக வேண்டும், ரயிலைப் பூட்டிவிடுவார்கள். வதனி இறங்க மறுத்தாள். டிக்கெட் பரிசோதகர் பொறுமையான மனிதர்.

"அம்மையாரே, பூட்டிய ரயிலில் உங்கள் உணவை யாரும் எடுக்க மாட்டார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"எடுக்கமாட்டினம், ஆனால் மிதிப்பினம்" என்று அவள் தமிழில் பதில் சொல்லிவிட்டு இறங்கினாள். மேலே கடற்காற்றில் நின்றபோதும் கண் கீழேதான் இருந்தது.

அன்று கப்பல் தாமதித்தே கரை சேர்ந்தது. ஏனென்று யாரும் சொல்லவில்லை. ஹம்பேர்க்கில் இறங்கியபோது பாரிஸ் இரவு ரயிலுக்குச் சில நிமிடங்களே இருந்தன. ஹம்பேர்க் நிலையத்தில் தண்டவாளங்கள் பள்ளத்தில் இருக்கின்றன. மேலே ஏறி, நடைபாலத்தைக் கடந்து, அடுத்த மேடைக்கு இறங்க வேண்டும். வதனியை மேலே காவல் நிறுத்திவிட்டு இரண்டு பெட்டிகளோடும் நான் கீழே ஓடினேன். பெட்டிகளை ரயிலுக்குள் தள்ளியபோது வாசலில் நின்ற பெண் அதிகாரி, "ஏறுங்கள், புறப்படப் போகிறோம்" என்றார்.

அண்ணாந்து பார்த்தேன். வதனி படியின் உச்சியில், மூன்று பைகளுக்கு நடுவில்.

"பையை விட்டிட்டு ஓடி வாரும்!" என்று கத்தினேன்.

"பலகாரத்தை விட்டிட்டு வெறுந்தட்டோடையோ போறது? நீங்கள் வந்து தூக்குங்கோ!"

நான் மட்டும் ஏறியிருக்கலாம். விடிந்தால் பாரிஸ். அவள் அடுத்த ரயிலில் வந்திருப்பாள். அந்தப் பெண் மறுபடியும் "ஏறுங்கள்" என்றார். ஏறினால் மாமன் வருவான், வெறும் பித்தளையோடு வருவான். இறங்கினால் தட்டு நிறைந்திருக்கும், நேரம் தப்பிப் போகலாம். அந்தக் கணத்தில் எனக்கு அபிராமியின் முகம் தோன்றவில்லை, தட்டுகளை எண்ணப் போகிற சொந்தக்காரரின் முகம்தான் தோன்றியது. பெட்டிகளை வெளியே இழுத்தேன். கதவு மூடியது. ரயில் போய்விட்டது.

வதனி மேலேயே குந்தியிருந்து அழுதாள். நான் வாயில் வந்ததெல்லாம் ஏசினேன். பிறகு சாந்திக்குக் கைத்தொலைபேசியில் சொன்னேன்.

"ஐயருக்குப் பின்னேரம் வேறை வீட்டிலை சடங்கு இருக்கண்ணா. அவர் நேரம் மாத்தமாட்டார்" என்றாள்.

விடியற்காலை ரயிலில் கொலோன் போய், அங்கிருந்து பெல்ஜியம் வழியாகப் பாரிஸ் வட நிலையத்தில் இறங்கியபோது பகல் ஒன்றரை. டாக்சிக்காரர் சாமான்களைப் பார்த்துவிட்டு அறுபது யூரோ கேட்டார். பேரம் பேசவில்லை. பாரிஸ் புறநகரான லா கூர்நெவில் சாந்தியின் வீடு ஐந்தாம் மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை.

கதவைத் திறந்தவன் குகன். பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்திருந்தான்.

"அண்ணை, நான் மாட்டன் எண்டுதான் சொன்னனான். ஐயர் நேரம் போகுது எண்டு அவசரப்படுத்தினார். நானும் மாமன் முறைதானே எண்டிச்சினம்."

அவனை முறைக்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. சாந்தி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். வதனி பைகளை இறக்கியதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அண்ணி, ஏன் இவ்வளவு? பின்னேரக் கொண்டாட்டத்துக்கு ஹோலிலை தட்டெல்லாம் மண்டபக்காரரே வைப்பினம். கேக், சொக்லேட், பழம், எல்லாம் ஊதா கலர். மேடைக்குப் பொருத்தமாய்."

"அரியதரத்தை ஊதாவாய்ச் சுட எனக்குத் தெரியாதடி" என்றாள் வதனி. பைகள் சமையலறைப் பக்கத்துப் பல்கணிக்குப் போயின. தட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. எண்ணிப் பார்க்க யாரும் வரவும் இல்லை.

அப்போதுதான் வீடியோக்காரர் வந்தார். சாந்தி அவரிடம் ஏதோ கெஞ்சியிருக்கிறாள்.

"அண்ணை, கவலைப்படாதேங்கோ. குளியலறையிலை ரெண்டு நிமிசம் நில்லுங்கோ, எடுத்துப் போட்டு உள்ளுக்கை வைச்சு ஒட்டிவிடுறன். குகன் அண்ணையின்ரதை வெட்டிவிடலாம்."

அபிராமிக்கு அலங்காரம் முடிந்திருந்தது. கூந்தலில் பூவும், முகத்தில் பூச்சும், கண்ணில் மையும். தண்ணீர் பட்டால் எல்லாம் போய்விடும் என்று அலங்காரக்காரப் பெண் கத்தினாள்.

"தண்ணி வேண்டாம், வெறுஞ்செம்பைச் சரியுங்கோ மாமி. முகம் வராமல் பின்னாலை இருந்து எடுக்கிறன்" என்றார் வீடியோக்காரர்.

வதனி வெறுஞ்செம்பைச் சரித்தாள். வீட்டில் வேறு தேங்காய் இருக்கவில்லை. காலையில் குகன் உடைத்த பாதிகள் இரண்டையும் தேடி எடுத்து, பொருத்தி என் கையில் தந்தார்கள்.

"இறுக்கிப் பிடியுங்கோ. நான் சொன்னவுடனை விரியுங்கோ."

சாந்தி கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். வீடியோக்காரர் சொன்னார், விரித்தேன். அபிராமி தலையைத் திருப்பாமலே, "மாமா, முடிஞ்சுதா? கழுத்து நோகுது" என்றாள். எனக்கு வந்த வெட்கத்தை இங்கே எழுதித் தீர்க்க முடியாது.

திரும்பும்போது விமானத்தில் வந்தோம். காலைச் சாப்பாடு பாரிசில், மதியச் சோறு ரொம்சோஸில். தட்டுகளைச் சாந்தி வீட்டிலேயே விட்டுவிட்டோம். இப்போது யாராவது ரயிலா விமானமா என்று கேட்டால் விமானம் என்கிறேன். நேரம் மிச்சம் என்று காரணம் சொல்கிறேன்.

மூன்று மாதம் கழித்து டிவிடி வந்தது. கீழ்வீட்டுக் குடும்பத்தைக் கூப்பிட்டுத் தேநீரோடு போட்டோம். நாதஸ்வரம் முழங்க என் கையிலிருந்த தேங்காய் இரண்டாகப் பிரிந்தது. ஒரு சொட்டுத் தேங்காய்த் தண்ணீர் சிந்தவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

"மாமன் நிண்டு உடைக்கிறதுக்கு ஒரு வடிவுதான்" என்றார் கீழ்வீட்டு அக்கா. "ரயிலிலை போனனீங்கள் எண்டு கேள்விப்பட்டன். நேரத்துக்குப் போய்ச் சேந்திட்டியள் என்ன?"

வதனி தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "ஓம் அக்கா, விடியவே போய்ச் சேந்திட்டம்" என்றேன் நான்.