பின்கண்ணாடியில் யார் பேரு?

சுகப்பிரியா கார் வாங்கியே விட்டாள்! பாளையம்பட்டி முழுக்க நான் இதைச் சொல்லி முடித்துவிட்டேன், இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லிக்கொள்கிறேன். எங்கள் தெருவில் புருஷனோ அண்ணன் தம்பியோ வாங்கிக் கொடுக்காமல் ஒரு பொம்பளை தானே சம்பாதித்து வாங்கிய முதல் கார் அது. பழைய ஆல்டோதான். நீல நிறம். ஒரு கதவை ஓங்கிச் சாத்தினால்தான் மூடும். அதனால் என்ன, கார் கார்தானே.

அவள் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி, என் வயசுக்காரி. நைட்டி, பாவாடை, சின்னப் பிள்ளைகளுக்கு ரெடிமேட் துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டி டிவிஎஸ்ஸில் வைத்துக்கொண்டு திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் விற்றுவருவாள். அந்த வெயிலில் போய்த் திரும்பினால் முகம் சுட்ட கத்தரிக்காய் மாதிரி இருக்கும். ஆனாலும் வாய் ஓயாது. "ரிஸ்வானா, பூப்போட்ட நைட்டி பூராம் காலி!" என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவாள். அவள் புருஷன் ஜெயபாண்டிக்கு மில்லில் ஷிப்ட் வேலை. நல்ல மனுஷன், பேசத்தான் மாட்டார். அவருக்கும் சேர்த்து இவள் பேசிவிடுவாள்.

கார் வந்தது, பூசணிக்காய் உடைத்தாயிற்று, எலுமிச்சம்பழத்தை நசுக்கியாயிற்று. அடுத்தது பின்கண்ணாடி. எங்கள் பக்கம் அதை வெறுமனே விடுகிற வழக்கம் கிடையாது, பிள்ளைகள் பேரை ஒட்டியாக வேண்டும். என் கொழுந்தன் வண்டியில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பேரெல்லாம் ரயில்பெட்டி மாதிரி வரிசையாக இருக்கும்.

சுகப்பிரியாவுக்குப் பிள்ளை இல்லை. கல்யாண வீடு, சடங்கு வீடு, பஸ்ஸு என்று எங்கே போனாலும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி அவளை விரட்டிக்கொண்டே இருந்தது. இப்போது அது காரிலும் ஏறிக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பின்னால் போய் நின்று, "பேரு ஒண்ணும் போடலியா?" என்று கேட்டுவிட்டு, பிறகு ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அவர்களை டிக்கியில் போட்டு மூடியிருப்பேன்.

அவள் சிரித்தே சமாளித்தாள். பேர் வைக்கிற வேலையை ஒரு திருவிழாவாகவே ஆக்கிவிட்டாள். போகிற ஊரிலெல்லாம் யோசனை கேட்டாள். ஒருத்தி 'நைட்டி எக்ஸ்பிரஸ்' என்றாளாம். நான் 'ஊர்சுத்தி' என்றேன். "அம்மன் துணைன்னு போட்டுறலாமே" என்றார் ஜெயபாண்டி. "அம்மன் எப்பவும் துணைதான். அத ஒட்டி வேற சொல்லணுமா?" என்று இவள் அவரை அடக்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் மல்லாங்கிணற்றிலிருந்து அவள் மாமியார் சரஸ்வதி வந்து இறங்கினார். காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"சின்னவன் பிள்ளைக பேரப் போட்ரு. வாரிசுன்னா அந்தப் பயலுகதான? பெரியப்பா காருன்னு அதுகளும் பெருமையாச் சொல்லிக்கிருங்க."

சுகப்பிரியா சட்டென்று அமைதியாகிவிட்டாள். அவள் அமைதியானால் தெருவுக்கே தெரியும்.

மறுநாள் தண்ணி பிடிக்கும்போது என்னிடம் சொன்னாள்: "அந்தப் பயலுக மேல எனக்கு உசிரு ரிஸ்வானா. நல்ல சட்டையா வந்தா மொதல்ல அவனுகளுக்குத்தான் எடுத்து வைக்கேன். அது வேற. ஆனா வெயில்ல வெந்தது நானு. இது பெரியப்பா காராம்!"

"அப்ப என்னதான் போடப் போற?"

"தெரியல. வெறுங்கண்ணாடியா மட்டும் விட மாட்டேன். அதப் பாக்குறவுக என்னையும் அப்படித்தான பாக்குறாக."

அதுவரை அவள் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை. என் குடம் நிரம்பி வழிந்ததைக்கூட கவனிக்காமல் நின்றேன்.

என் தம்பி ஆசாத் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறான். எல்லாருமாக அங்கே போனோம். மாமியாரும் விடாமல் கூடவே வந்தார். ஆசாத் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "பேரச் சொல்லுங்கக்கா" என்றான். சரஸ்வதி வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"சுகப்பிரியா."

"ஓனர் பேர கீழ சின்னதாப் போட்டுறலாம்க்கா. மேல பெருசா பிள்ளைக..." என்று இழுத்தவன் அப்படியே நிறுத்திவிட்டான்.

"பெருசாவே போடு ஆசாத். அது ஒண்ணுதான். கண்ணாடி முழுக்கப் போடு."

"ஏத்தா, ஒம்பேர நீயே ஒட்டிக்கிருவியா? ஊரு சிரிக்காது?" என்றார் மாமியார்.

அப்போது ஜெயபாண்டி தொண்டையைச் செருமினார். "செவப்பு கலர்ல போடு தம்பி. நீலத்துக்கு நல்லா எடுப்பா இருக்கும்" என்றார். அல்லாவே, நான் கடைக்குள்ளேயே கைதட்டிவிட்டேன்! அன்றைக்கு மாமியார் யாரோடும் பேசவில்லை, ஆனால் பஸ்ஸு ஏறாமல் அந்தக் காரிலேதான் வீடு திரும்பினார்.

காரில் முதல் வியாபாரத்துக்கு நானும் கூடப் போனேன். அவள் ஆட்டைப் பார்த்தாலும் ஹாரன் அடித்தாள், ஆளைப் பார்த்தாலும் அடித்தாள், ஒன்றுமே இல்லாவிட்டாலும் சந்தோஷத்தில் அடித்தாள். திருச்சுழி தாண்டி ஒரு ஊரில் வண்டியை நிறுத்தியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அந்த ஊருக்கு அவள் போவது அதுதான் முதல் தடவை. ஒரு அக்கா பின்னால் போய் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

"சுகப்பிரியா. நல்ல பேரா இருக்கே! பாப்பா எத்தனாவது படிக்கிது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். சுகப்பிரியா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"பாப்பா படிப்பெல்லாம் முடிச்சிருச்சுக்கா. இப்ப சொந்தமா காரு வாங்கி ஓட்டுது. நைட்டி விக்கிது. ஒங்களுக்கு என்ன கலரு வேணும்னு கேக்குது" என்றாள்.

அந்த அக்கா கண்ணாடியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார். "அடி ஆத்தீ, நீதானா அது!" என்று இவள் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். "ஏ பாப்பா, அந்த ஊதாவ எடு", "பாப்பா, எனக்குக் கை வச்சதாக் காட்டு" என்று ஆளாளுக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பாப்பா மூட்டையைப் பிரித்துப் போட்டு, சிரித்துச் சிரித்து விற்றாள். நான் டிக்கி ஓரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூட்டை பாதியாகக் குறைந்த பிறகு வண்டியைத் திருப்பினாள். ரோட்டோர டீக்கடை முன்னால் நிறுத்தி, மறுபடி ஒரு ஹாரன் அடித்து, என் பக்கம் திரும்பினாள்.

"ஏ ரிஸ்வானா, பாப்பாவுக்கு ஒரு டீ வாங்கித் தா."