இரண்டு தட்டினால் மேலே போ

அச்சகத்தில் அவளுக்கு ஒற்றக்கா என்று பெயர். விட்டுப்போன ஒற்றெழுத்தைக் கண்டுபிடித்துப் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மருந்துச் சீட்டோ, ஏல அறிவிப்போ, பாடநூலோ, அவள் கண்ணில் படாமல் மெஷினுக்குப் போகாது. தெருவில் நடந்தால் கடைப் பலகைகளைத் திருத்துவாள். கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர்கள் வாசலிலேயே நீட்டிவிட்டு ஓடிவிடுவார்கள்.

புரூஃப் பார்ப்பது ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. ஒருத்தி மூலத்தைப் புள்ளி விடாமல் உரக்கப் படிக்க வேண்டும். மற்றவள் அச்சடித்த தாளில் விரல் வைத்துத் தொடர வேண்டும். இவளுக்கு எதிரில் உட்கார்ந்து படித்தவள் சொந்த நாத்தனார். வீட்டிலும் ஒரே அடுப்பு, வேலையிலும் ஒரே மேஜை, இருபத்திரண்டு வருஷம். "உணவுக்குப் பின் காற்புள்ளி ஒரு மாத்திரை முற்றுப்புள்ளி" என்று அவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போவாள். பிழை கண்டால் ஒற்றக்கா பேனாவால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவாள். நில் என்று அர்த்தம். திருத்தி முடித்து இரண்டு தட்டினால், மேலே போ.

நாத்தனாருக்கு நாவல் பைத்தியம். சாப்பாட்டு நேரத்திலும் டப்பாவுக்குப் பக்கத்தில் புத்தகம் விரிந்திருக்கும். "அண்ணி, இந்த வாக்கியம் எப்படி நிக்குது பாருங்க!" என்பாள். ஒற்றக்கா எட்டிப் பார்த்து, "எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை. வெளங்கிடும்" என்பாள். அவளும் ஒரு காலத்தில் புத்தகமும் கையுமாகத் திரிந்தவள்தான். இந்த வேலைக்கு வந்தபின் கதை மறைந்து பிழை மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

போன வருஷம் நாத்தனாருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. முதலில் குரல் போயிற்று. வாயைத் திறந்தே பிழைத்தவளுக்கு அதுதானா போக வேண்டும்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஒரு துண்டுச் சீட்டு எழுதி நீட்டினாள்: "புதுப் புத்தகம். படித்துக் காட்டுங்கள், அண்ணி." அந்த நிலையிலும் ஒற்றுப் போட மறக்கவில்லை.

ஒற்றக்கா படிக்க ஆரம்பித்தாள். இரண்டாம் பத்தியிலேயே நின்றாள். பையிலிருந்து சிவப்புப் பேனா வந்தது. "எவன்டி இதத் திருத்தினது? கண்ண எங்க வச்சிருந்தான்?" கட்டில் கம்பியில் நாத்தனாரின் விரல் தட்டியது. டக், டக். வலிக்கிறதாக்கும் என்று நர்ஸைக் கூப்பிட்டு ஊசி போடச் சொன்னாள். அப்புறம் ஒரு வரி, ஒரு பிழை, மறுபடியும் டக், டக். மூன்று பக்கம் முடிவதற்குள் பார்வை நேரம் முடிந்ததென்று காவலாளி வந்து எழுப்பினார். "மீதிய நாளைக்குப் படிக்கறேன்" என்று கிளம்பினாள். மறுநாள் விடிவதற்குள் போன் வந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள். எதிரில் படிக்கப் புது ஆள். ஒற்றக்கா பிழையைத் திருத்திவிட்டுப் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். "என்னக்கா அது?" என்றாள் புதியவள்.

"மேலே போன்னு…"

சொல்லும்போதே ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியில் தட்டிய விரல் கண்முன் வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள்தான், திரும்பப் போகவில்லை.

ஆனால் அந்தச் சத்தம் கூடவே வந்துவிட்டது. குழாயடியில் டக், டக். ஜன்னலில் டக், டக்.

"எலியா இருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"எலி எண்ணி எண்ணியா தட்டும்?"

தங்கையைப் பறிகொடுத்த மனுஷர் அவர். ஒரு நாள் மத்தியானம் அந்த நாவலைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். "முடிவு தெரியாமலே போயிட்டா, பாவம்" என்றார்.

அவள் அதை எடுத்துக்கொண்டு நாத்தனார் அறைக்குப் போனாள். வெறுங்கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, காற்புள்ளி முற்றுப்புள்ளியோடு முதலிலிருந்து படித்தாள். தன் சிவப்புக் கிறுக்கல்கள் நிறைந்த மூன்று பக்கத்தையும் தாண்டினாள். நான்காம் பக்கத்தில், கதையில் வரும் பெண் மூடிய கதவில் கை வைக்கிற இடத்தில் ஒரு பிழை. குரல் நின்றது, கை பேனாவைத் தேடியது. இத்தனை மாதம் ஓயாமல் தட்டிய வீட்டில் இப்போது ஒரு சத்தமும் இல்லை.

"தட்டுடி" என்றாள். "இப்பத் தட்டேன். நான் கேக்கறேன்டி." அதற்குமேல் முடியாமல் புத்தகத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

நிலைப்படியில் நின்றிருந்த வீட்டுக்காரர் உள்ளே வந்து உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணு கதவத் திறந்தாளா இல்லையா? மேல படியேன்."

பிழையை அப்படியே விட்டுவிட்டு அவள் படித்தாள். கதவு திறந்தது. பத்துப் பக்கம் போனபின்தான், புள்ளிகளைச் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டது அவளுக்கே உறைத்தது. ஓரிடத்தில் ஒரே வாக்கியம் பதினொரு வரி ஓடி, எங்கும் தடுக்காமல் தன் வினைமுற்றில் போய் உட்கார்ந்தது. "அடியே, இது எப்படி நிக்குது பாரு!" என்றாள் கட்டிலைப் பார்த்து. பக்கத்தைத் திருப்பும்போது எங்கேயோ டக், டக் என்றது. வீட்டுக்காரர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

இருட்டும்வரை படித்தாள். நேரம் முடிந்ததென்று யாரும் வந்து எழுப்பவில்லை.